இருவர் வீட்டுக்கு ஒரு ஃப்ரீசர்: மளிகைச் செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

ஒரு முழு முட்டைக்கோஸ் எங்கள் வீட்டில் பல காலம் தீர்ந்ததே இல்லை. முதல் நாள் கால் பங்கு சமையலுக்குப் போகும். மூன்றாம் நாள் இன்னொரு கால். மீதிப் பாதி காய்கறித் தட்டின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். வெட்டிய ஓரம் பழுப்பேறும், மேல் இலை துவளும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழுவும்போது குப்பைக் கூடைக்குப் போகும். பாதி விலையில் கிடைத்ததே என்று மகிழ்ந்து வாங்கிய காயாக இருந்தாலும், பாதியைக் கொட்டிய பிறகு அது முழு விலைக்கு வாங்கியதாகவே ஆகிவிடுகிறது.

இருவர் மட்டும் வாழும் வீட்டின் சிக்கல் இதுதான். பொட்டலங்களும் பைகளும் நான்கு பேர் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. சின்னப் பொட்டலம் வாங்கினால் கிலோ கணக்கில் விலை கூடுகிறது. பெரியதை வாங்கினால் தின்று முடிப்பதற்குள் கெடுகிறது. இதிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி ஃப்ரீசர். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கெடப் போகும் நாளில் உள்ளே தள்ளுவதற்கான இடம் அல்ல அது. வாங்கி வந்த அன்றே, இருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவாகப் பிரித்து வைப்பதற்கான இடம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியவைதான்.

முதல் படி: குப்பைக்கு ஒரு கணக்கு

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலக அளவில் வீடுகளில் மட்டும் ஒருவருக்குச் சராசரியாக 79 கிலோ உணவு குப்பைக்குப் போனது. தோல், எலும்பு போன்று தின்ன முடியாதவையும் சேர்ந்த கணக்கு அது. இருவர் வீட்டுக்கு 158 கிலோ, அதாவது மாதத்துக்குப் பதின்மூன்று கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும்.

சமையலறையில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். எதைக் கொட்டினாலும் மூன்று சொற்கள் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். "ஏன்" என்ற பகுதிதான் முக்கியம். பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். அளவுக்கு மீறி வாங்கியது, அளவுக்கு மீறிச் சமைத்தது, இருப்பதையே மறந்தது. மூன்றுக்கும் மருந்து வேறு. அதிகம் வாங்கியதை அன்றே பிரித்து உறையவைக்க வேண்டும். அதிகம் சமைத்ததை வேளைக் கணக்கில் ஒதுக்க வேண்டும். மறந்ததற்குப் பட்டியல் வேண்டும். எந்த நோய் என்று தெரியாமல் புதிய டப்பாக்கள் வாங்கிக் குவிப்பதால் ஒரு காசும் மிஞ்சாது.

இரண்டாம் படி: உங்கள் ஃப்ரீசரை அறிந்துகொள்ளுங்கள்

உணவை நீண்ட நாள் வைக்க ஃப்ரீசர் −18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பகுதி 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. பெட்டியில் உள்ள திருகு எண் வெப்பநிலையைச் சொல்வதில்லை. ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதற்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது.

ஃப்ரீசர் கதவிலோ உள்ளேயோ நட்சத்திரக் குறிகள் இருந்தால் அவற்றுக்குப் பொருள் உண்டு. ஒரு நட்சத்திரம் −6 டிகிரி. ஏற்கெனவே உறைந்த உணவை ஏறக்குறைய ஒரு வாரம் வைக்கலாம். இரண்டு நட்சத்திரம் −12 டிகிரி, ஒரு மாதம். மூன்று நட்சத்திரம் −18 டிகிரி, சில மாதங்கள். நான்கு நட்சத்திரம் இருந்தால் புதிய உணவை வீட்டிலேயே உறையவைக்கும் திறனும் அதற்கு உண்டு. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சிறு கதவுடன் இருக்கும் பனிக்கட்டி அறை மட்டும் உள்ளவர்கள் கீழே சொல்லும் மாதக் கணக்குகளை நம்ப வேண்டாம். அதில் ரொட்டியும், சில நாளுக்கான மீதியும் வைத்தால் போதும்.

ஒரே நாளில் நிறையத் திணிப்பதும் தவறு. 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ புதிய உணவு என்பது நல்ல வரம்பு. அதற்கு மேல் வைத்தால் எல்லாம் மெதுவாக உறையும். ஏற்கெனவே உறைந்திருப்பவையும் இளகத் தொடங்கும்.

மூன்றாம் படி: கடைக்குப் போகும் முன்

பட்டியலை வெறும் தாளிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஃப்ரீசரில் என்ன இருக்கிறது, காய்கறித் தட்டில் எது முந்தித் தீர வேண்டும் என்று பார்த்து, அவற்றைச் சுற்றி வேளைகளைத் திட்டமிடுங்கள். ஏழு நாளுக்கும் திட்டமிட வேண்டாம், ஐந்து நாள் போதும். ஒரு நாள் வெளியே சாப்பிட நேரும், ஒரு நாள் மீதியே போதுமானதாக இருக்கும். ஏழு நாளுக்கு வாங்கினால் அந்த இரண்டு நாள் காய் வாடும்.

கடையில் பொட்டல விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதுமே மலிவு என்பது உண்மையல்ல. சில நேரம் நடுத்தர அளவே மலிவாக இருக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இது எங்களுக்கு எத்தனை வேளை? ஒன்றரைக் கிலோ கோழி ஐந்து வேளை என்றால், அந்த ஐந்து பைக்கும் ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா? இடம் இல்லையென்றால் தள்ளுபடி உங்களுக்கானதல்ல.

அரிசி, பருப்பு, பயறு, இறைச்சி, மீன், வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பட்டாணி ஆகியவற்றைத் தயங்காமல் பெரிய அளவில் வாங்கலாம். அரைத்த மசாலாத் தூள்களையும் எண்ணெயையும் அப்படி வாங்காதீர்கள். திறந்த பிறகு தூளின் மணம் போகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இருவர் சமையலில் அவை தீர வெகு நாளாகும். உறைந்த காய்களைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணி, பல நாள் பயணம் செய்து வந்த பட்டாணியைவிட இனிப்பாகவே இருக்கிறது. வேண்டிய கைப்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு பையைக் கட்டி வைக்கலாம் என்பது இருவர் வீட்டுக்குப் பெரிய வசதி.

நான்காம் படி: கடையிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரம்

பணம் மிஞ்சுவதும் போவதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஓர் இறைச்சிப் பொட்டலத்திடமிருந்து. ஏறக்குறைய இரண்டு கிலோவை வாங்கி வந்த களைப்பில் அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துக் கால் கிலோ தேவைப்பட்டது. கையில் இருந்ததோ செங்கல் போன்ற ஒரே கட்டி. கத்தி இறங்கவில்லை. முழுவதையும் இளக்க வேண்டியிருந்தது, முழுவதையும் சமைக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் ஒரே கறியைத் தின்றோம், நான்காம் நாள் மீதியைக் கொட்டினோம். மலிவாக வாங்கியதில் மிஞ்சிய பணம் அதோடு போனது.

இப்போது பை மேசைக்கு வந்ததுமே தராசு வெளியே வந்துவிடும். இருவருக்கு ஒரு வேளை என்றால் எலும்பில்லாத இறைச்சியோ மீனோ 250 முதல் 300 கிராம். உங்கள் பசிக்கு ஏற்ப இந்த எண்ணை ஒருமுறை தீர்மானித்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சியும் மீனும் ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. இரண்டு நாளுக்குள் சமைக்கப் போவதை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து, மற்றதை உறையவைத்துவிடுங்கள்.

பை போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஜிப் வைத்த கனமான பையை ஓர் உயரமான குவளைக்குள் இறக்கி, வாயை வெளிப்புறமாக மடித்து விடுங்கள். இரண்டு கையும் விடுபடும், விளிம்பில் சிந்தாது. உணவைப் போட்ட பிறகு ஜிப்பை ஓர் ஓரத்தில் விரல் நுழையும் அளவு மட்டும் திறந்துவிட்டு மூடுங்கள். பையைப் படுக்கவைத்து, அடியிலிருந்து வாய்ப்பக்கமாக உள்ளங்கையால் மெல்ல நீவி வாருங்கள். காற்று புஸ்ஸென்று வெளியேறும்போது அந்த ஓரத்தையும் அழுத்தி மூடிவிடுங்கள். பிறகு பையை இரண்டு செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக்கி, ஒரு தட்டின் மேல் கிடத்தி உறையவையுங்கள். மறுநாள் தட்டை எடுத்துவிட்டுப் பைகளை அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிற்கவைக்கலாம். டப்பாக்கள் பிடிக்கும் இடத்தில் பாதியில் அடங்கிவிடும்.

தட்டையாக்குவது இடத்துக்காக மட்டும் அல்ல. மெதுவாக உறையும் உணவில் பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழிக்கின்றன. இளகும்போது நீரெல்லாம் ஒழுகி, சக்கை மிஞ்சுகிறது. வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் 1910-களில், இப்போது கனடாவில் உள்ள லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள பழங்குடியினரான இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்தும் அதன் சுவை கெடாததையும் கண்டார். இன்றைய உறை உணவுத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. நம் வீட்டு ஃப்ரீசரில் அந்தக் குளிர் இல்லை. தட்டையான பை ஒன்றுதான் நம்மால் முடிந்த வேகம்.

காற்றை வெளியேற்றுவதற்கும் காரணம் உண்டு. ஃப்ரீசரின் வறண்ட காற்றில் பனி நேரடியாக ஆவியாகிப் போகும். உணவின் மேற்பரப்பில் வெளிறிய, காய்ந்த திட்டுகள் விழும். தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் அட்டை போன்ற சுவை. காற்று குறைந்தால் திட்டும் குறையும்.

மூடும் முன்பே பையின் மேல் எழுதிவிடுங்கள்: பெயர், அளவு, தேதி. உறைந்த பிறகு எல்லாப் பழுப்பும் ஒரே பழுப்புதான். ஈரப் பையில் பேனா பிடிக்காது.

ஐந்தாம் படி: காய்கறிகள்

காய்களில் உள்ள நொதிகள் குளிரில் மெதுவாக இயங்குமே தவிர நிற்பதில்லை. பச்சையாக உறையவைத்த பீன்ஸ் சில வாரங்களில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை வருவதற்கு அவையே காரணம். அவற்றை நிறுத்த, காயைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பனிக்கட்டி நீரில் போட வேண்டும்.

பெரிய பாத்திரத்தில் நீர் தளதளவென்று கொதிக்கட்டும். அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் நீர். காயைப் போட்டதும் கொதி அடங்கி, ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் கிளம்ப வேண்டும். கிளம்பியதும் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். பொடியாக நறுக்கிய கேரட்டுக்கும் கீரைக்கும் இரண்டு நிமிடம். பீன்ஸ், காலிஃபிளவர், புரோக்கோலிக்கு மூன்று நிமிடம். அதே அளவு நேரம் பனிக்கட்டி நீரில் குளிரவிட்டு, வடித்து, துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள். குறைவாக முக்கினால், முக்காமல் விட்டதைவிட மோசமாகும், ஏனென்றால் அரைச்சூடு நொதிகளைத் தூண்டிவிடும். ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

ஈரம் எடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரம் உறையவைத்த பிறகு பையில் கொட்டுங்கள். கடையில் வாங்கிய பட்டாணி போல உதிரியாக இருக்கும். வேண்டும்போது கைப்பிடி எடுக்கலாம்.

வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய், இஞ்சி, தக்காளி ஆகியவற்றுக்கு இந்த வேலையே வேண்டாம். நறுக்கியோ முழுதாகவோ வைக்கலாம். இளகியதும் துவண்டுவிடும் என்பதால் பச்சையாகத் தின்ன ஆகாது, சமையலுக்கு மட்டும். உறைந்த தக்காளியைக் குழாய் நீரில் காட்டினால் தோல் தானாக உரிந்து வரும்.

அந்த முட்டைக்கோஸ் இப்போது என்ன ஆகிறது என்றால், வாங்கிய அன்றே பாதியை நறுக்கி ஒன்றரை நிமிடம் முக்கி எடுத்து, இரண்டு பைகளில் போட்டுவிடுகிறேன். பதினைந்து நிமிட வேலை.

உருளைக்கிழங்கைப் பச்சையாக உறையவைக்காதீர்கள், கறுத்து மணல் மணலாகும். வெள்ளரி, பச்சையாகத் தின்னும் இலைகள், ஓட்டோடு கூடிய முட்டை, அவித்த முட்டையின் வெள்ளை, மயோனைஸ் ஆகியவையும் வேண்டாம்.

ஆறாம் படி: நான்கு பேருக்குச் சமையுங்கள், இருவர் சாப்பிடுங்கள்

சூப், பயறு, இறைச்சிக் குழம்பு இவற்றை நான்கு பேர் அளவுக்குச் சமைக்கும் நேரமும் எரிபொருளும் இருவருக்கானதைவிடச் சற்றே கூடுதல். பாதியை அன்று சாப்பிட்டு, மறு பாதியை உறையவைத்தால் இன்னொரு நாள் சமைக்கவே வேண்டாம். களைத்து வீடு திரும்பும் இரவில் வெளியிலிருந்து உணவு வரவழைக்காமல் காப்பாற்றுவது அந்தப் பைதான். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், எங்கள் வீட்டில் காய்கறி விலையில் மிஞ்சியதைவிட இதில்தான் அதிகம் மிஞ்சியது.

பாதுகாப்பு விதிகளில் இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தில் தானாக ஆறட்டும் என்று விடாமல், அகலமான தட்டுகளில் மெல்லிய படலமாக ஊற்றி, அடியில் குளிர்நீர் வைத்து ஆற்றுங்கள். பிறகு சிறிது நேரம் ஃப்ரிட்ஜில், அதன்பின் ஃப்ரீசரில்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கும். வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே வடித்த சோற்றை உடனே பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிரவைத்துப் பையில் போட்டுவிடுங்கள். உறைய வைப்பதால் பாக்டீரியா சாவதில்லை, தூங்குகிறது. கெட்டுப்போன உணவை ஃப்ரீசர் நல்லதாக்காது.

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். சூப் வைக்கும் டப்பாவில் மேலே இரண்டு செண்டிமீட்டர் இடம் விடுங்கள். கண்ணாடிக் குப்பி என்றால் கழுத்து குறுகாத, நேரான வடிவமே நல்லது.

ஏழாம் படி: துண்டு துணுக்குகள்

ஒரு கரண்டி தக்காளி விழுதுக்காக டப்பாவைத் திறந்து, மீதியில் பூஞ்சை பூக்கவிடுவது இருவர் வீட்டின் வழக்கமான நட்டம். பனிக்கட்டித் தட்டு இதற்குத்தான். தக்காளி விழுது, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, எண்ணெயில் நறுக்கிய இலைகள், எலும்புச் சாறு எல்லாவற்றையும் குழிகளில் ஊற்றி, உறைந்ததும் பெயர் எழுதிய பைக்கு மாற்றுங்கள். ஒரு குழி ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் அதன் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும். வெளியே வைத்ததைவிட விரைவில் வறண்டு போகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய துண்டுகளை நேரே சூடாக்குங்கள். கனிந்து போன வாழைப்பழத்தைத் தோலுரித்து வைக்கலாம். முட்டையை அடித்து, கலக்கி வைக்கலாம். பாலும் உறையும், இளகியதும் நன்றாகக் குலுக்க வேண்டும்.

எட்டாம் படி: பட்டியலும் தேதியும்

ஃப்ரீசர் கதவில் ஒரு தாள். வைக்கும்போது ஒரு கோடு, எடுக்கும்போது அந்தக் கோட்டை அடித்துவிடுவது. வேறு எந்த ஏற்பாடும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளை ஃப்ரீசர் நாளாக வைத்து, மிகப் பழைய பையை எடுத்துச் சமையுங்கள்.

−18 டிகிரியில் உணவு கெடுவதில்லை, சுவைதான் குறைகிறது. சமைத்த உணவும் சூப்பும் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். கொத்திறைச்சி நான்கு மாதம் வரை, கோழித் துண்டுகள் ஒன்பது மாதம், எண்ணெய்ப்பசை மிகுந்த மீன் இரண்டு மூன்று மாதம், முக்கி எடுத்த காய்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாதம். ரொட்டி மூன்று மாதம். ஆனால் இருவர் வீட்டில் எதையும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேல் இருந்தால் அதை நீங்கள் விரும்பவில்லை என்று பொருள். அடுத்த முறை வாங்காதீர்கள்.

ஒன்பதாம் படி: இளக்குவது

முந்தின இரவே பையை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுவதுதான் சிறந்தது. தட்டையான பை காலைக்குள் இளகிவிடும். கீழே ஒரு தட்டு வையுங்கள், சாறு ஒழுகும். மறந்துவிட்டால், கசியாத பையோடு குளிர்நீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். அரைக் கிலோ தட்டைப் பை ஒரு மணி நேரத்துக்குள் தயாராகும். மைக்ரோவேவில் இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் காலையில் எடுத்து வைத்து மாலை வரை விடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உள்ளே கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும். சமைத்த உணவை ஆவி பறக்க, நடுப்பகுதி 74 டிகிரியை எட்டும்வரை சூடாக்குங்கள். சூப்பையும் காய்களையும் இளக்காமல் நேரே அடுப்பில் வைக்கலாம்.

ஃப்ரிட்ஜிலேயே இளகிய பச்சை இறைச்சியைச் சமைக்காமல் மீண்டும் உறையவைக்கலாம். சுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். நீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியதைச் சமைத்த பிறகே மீண்டும் வைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும். இடம் காலியாக இருந்தால் நீர் நிரப்பிய பாட்டில்களை, மேலே சிறிது இடம் விட்டு, உள்ளே அடுக்கி வையுங்கள். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பையையும் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே பனிப் படிகங்கள் நெருநெருத்தால் மீண்டும் உறையவைக்கலாம். முழுக்க இளகி 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டது என்று தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.